நின்று பாடினால் அது ஓபரா ஆகாதா?

கேள்வி இதுதான்: "வேலை விஷயமாக ஐரோப்பா வந்திருக்கிறேன். ஓர் இசைக்குழு ஊர் ஊராகப் போய் ஹேண்டலின் ஓபராவைக் கச்சேரி வடிவில் நடத்துகிறது. அரங்க அமைப்பு கிடையாது, வேடம் கிடையாது, பாடகர்கள் முன்னால் வந்து நின்று பாடுவார்களாம். மொழி இத்தாலியன். இடைவேளை சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். இதற்குக் காசு கொடுத்துப் போகலாமா, இல்லை முழு ஓபரா வரும்வரை காத்திருக்கட்டுமா?"

போங்கள். ஹேண்டல் என்றால் யோசிக்காமல் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் இருந்துகொண்டு இத்தாலிய ஓபராக்கள் எழுதிய இசையமைப்பாளர் அவர். வேறு சிலருடைய ஓபராவாக இருந்தால் என் பதில் மாறியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். லண்டனில் இருந்த வருடங்களில் ஹேண்டலை இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன்: முழு அரங்க அமைப்போடும் கேட்டேன், வெறும் மேடையிலும் கேட்டேன். மனதில் இன்றும் நிற்பவற்றில் பெரும்பாலானவை வெறும் மேடையில் கேட்டவை. அது ஏன் என்று எனக்கே புரிய ரொம்ப நாள் ஆனது.

பேச்சுக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். 'தி இங்கிலீஷ் கான்சர்ட்' என்று ஒரு குழு. 1970களின் தொடக்கத்தில் ட்ரெவர் பினாக் என்ற ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) கலைஞர் லண்டனில் ஆரம்பித்தது. பழைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களில், அந்தக் காலத்து முறையில் வாசிப்பது என்ற எண்ணத்தில் பிறந்த குழுக்களில் ஒன்று. 2007 முதல் ஹாரி பிக்கெட் நடத்துகிறார். இவர்கள் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் 2013இல் 'ரதமிஸ்தோ'வில் தொடங்கி, கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒன்றாக ஹேண்டலின் ஓபராக்களையும் நாடக ஆரட்டோரியோக்களையும் (கதை இருக்கும், நடிப்பு இருக்காது) கச்சேரியாக நடத்தி வந்திருக்கிறார்கள். நியூயார்க்குக்கு மட்டும் போவதில்லை. அதே பாடகர்கள், அதே வாத்தியக்காரர்களுடன் ஐரோப்பிய நகரங்களையும் ஒரு சுற்று சுற்றுவார்கள். 2014 அக்டோபரில் 'அல்சினா'வை லண்டன், மாட்ரிட், வியன்னா, பாரிஸ் என்று பாடிவிட்டுத்தான் நியூயார்க் போனார்கள். அல்சினாவாகப் பாடியவர் ஜாய்ஸ் டிடோனாட்டோ என்ற பாடகி. 2017இல் அவரே 'அரியோதாந்தே'யில் நாயகன் வேடம். ஆமாம், நாயகன்தான். அந்தக் குழப்பத்துக்கும் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் சந்தேகத்தின் வேரைப் பார்ப்போம். ஓபரா என்றால் நாடகம், நாடகம் என்றால் பார்க்க வேண்டியது, பார்க்க எதுவும் இல்லாவிட்டால் அது அரைகுறை. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சாதாரண ஓபரா அரங்கில் வாத்தியக்காரர்கள் எங்கே உட்காருகிறார்கள்? மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில். நமக்குத் தெரிவது நடத்துனரின் தலையும், தியோர்போ என்ற நீளமான தந்தி வாத்தியத்தின் கழுத்தும்தான். ஹேண்டல் தன் நாடகத்தில் பாதியை அந்தப் பள்ளத்தில் இருப்பவர்களிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார். பாத்திரம் வாயால் ஒன்று சொல்லும், கீழே வாத்தியம் வேறொன்று சொல்லும். கச்சேரி வடிவத்தில் அந்தப் பள்ளம் இல்லை. வாசிப்பவர்களும் பாடுபவரும் ஒரே தரையில், கைக்கெட்டும் தூரத்தில்.

ஓர் உதாரணத்தை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில் இருக்கிறது.

'அரியோதாந்தே' 1735 ஜனவரி 8 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் முதலில் அரங்கேறியது. கதை ஸ்காட்லாந்தில். அரசன் மகள் ஜினெவ்ராவும் அரியோதாந்தேயும் காதலர்கள், மறுநாள் கல்யாணம். பொலினெஸ்ஸோ என்ற பிரபுவுக்கு அவள் மேல், அதைவிட அரியணை மேல், ஒரு கண். ஜினெவ்ராவின் தோழி தலிந்தாவுக்கு இளவரசியின் உடையைப் போடச் செய்து, இரவில் தன்னை உள்ளே அழைக்க வைக்கிறான். நிலா வெளிச்சத்தில் ஒளிந்து நின்று இதைப் பார்க்கும் அரியோதாந்தே, வந்தது தன் காதலிதான் என்று நம்பிவிடுகிறான். சாகத் துணிகிறான். அப்போது வருகிற ஆரியாதான், அதாவது ஒருவர் தனியாகப் பாடும் பாட்டுதான், 'ஸ்கெர்ட்சா இன்ஃபிதா'. "துரோகியே, உன் கள்ளக் காதலன் மடியில் கொஞ்சிக் கிட. உன்னால் ஏமாந்த நான் சாவின் கைகளில் விழப் போகிறேன்" என்பது முதல் பகுதியின் சாரம்.

பாட்டு தொடங்குவதற்கு முன் மேடையில் ஒரு சின்ன அசைவு நடக்கும். வயலின்காரர்களும் வயோலாக்காரர்களும் பையிலிருந்தோ தாள் தாங்கியிலிருந்தோ ஒரு சின்னக் கட்டையை எடுத்து, தந்திகள் ஏறி நிற்கும் பாலத்தின் மேல் செருகுவார்கள். மியூட். ஒலியைப் போர்வை போட்டு மூடுவது போல அடக்கிவிடும். செல்லோ, டபுள் பாஸ்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டத் தயாராவார்கள். இப்படி எல்லாரும் தங்களை அடக்கிக்கொள்ளும்போது ஒரே ஒரு வாத்தியத்துக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை: பஸூன் என்ற தாழ்ந்த சுரத்து ஊது வாத்தியம். அடங்கிய தந்திகளுக்கு நடுவில் அந்த மர வாத்தியம் மட்டும் நீளமாக, தொண்டை கட்டிய மனிதன் மாதிரி ஏறி இறங்கும். அழுகை பாடகரின் குரலில் வருவதற்கு முன்பே பஸூனில் வந்துவிடுகிறது.

ஓபரா அரங்கில் இதைக் கேட்கலாம், பார்க்க முடியாது. கச்சேரியில் மியூட் ஏறுவதைப் பார்க்கும்போதே நமக்கு வயிற்றைப் பிசையும். பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை, முப்பது பேரும் சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வீட்டில் துக்கச் செய்தி வந்ததும் எல்லாரும் பேச்சைக் குறைப்பார்களே, அந்த மாதிரி. பத்து நிமிடப் பாட்டு. அரங்க அமைப்போடு நான் பார்த்த ஒரு தயாரிப்பில் இதே பாட்டுக்கு மேடையில் கட்டில், திரை, பின்னால் நடமாடும் ஆட்கள் என்று ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. பஸூன் வாசிக்கிறது என்பதையே நான் கவனிக்கவில்லை.

இந்த ஆரியாக்களின் அமைப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "ஏன் பாடினதையே பாடுகிறார்கள்" என்று தோன்றும். 'தா காப்போ' என்பார்கள். "தலையிலிருந்து" என்று அர்த்தம். முதல் பகுதி ஒன்று, அதற்கு மாறான நடுப்பகுதி ஒன்று, மறுபடி முதல் பகுதி. திரும்பி வரும்போது பாடகர் தன் கற்பனையைச் சேர்த்துப் பாடுவார். கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. பல்லவியை ஒவ்வொரு முறையும் ஒரு சங்கதி கூட்டிப் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் ஹேண்டலிடம் இது அழகுக்காக மட்டும் வைத்த ஏற்பாடு இல்லை. 'ஸ்கெர்ட்சா இன்ஃபிதா'வின் நடுப்பகுதியில் அரியோதாந்தே, "செத்த பிறகு ஆவியாகத் திரும்பி வந்து உன்னை வதைப்பேன்" என்கிறான். தன் சாவுக்குப் பிந்தைய காட்சியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டான். அதன்பின் அதே முதல் வரிகள் திரும்பும்போது அவை பழைய வரிகளாக இல்லை. முதல் தடவை கோபம் இருந்தது. இரண்டாவது தடவை கோபம் செத்துப்போயிருக்கும். நல்ல பாடகர்கள் இங்கே குரலை இருந்தும் இல்லாத மாதிரி ஆக்கிவிடுவார்கள். சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டான். இந்த நாடகத்துக்குக் கட்டிலும் திரையும் எதற்கு?

அப்புறம் இன்னொரு வழக்கம். அந்தக் காலத்து ஓபராவில் பெரும்பாலான ஆரியாக்கள் பாடி முடித்ததும் பாத்திரம் மேடையை விட்டு வெளியேறிவிடும். கதையை நகர்த்துவது இடையில் வரும் ரெசிடேட்டிவ், அதாவது பேச்சு நடையில் பாடுவது, ஹார்ப்சிகார்டும் செல்லோவும் மட்டும் கூட வரும். ஆரியா வந்தால் கதை நின்று மனசு திறக்கும். பாடுவார், முடிப்பார், போய்விடுவார். கச்சேரி மேடைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்குமா? நடந்து முன்னால் வருகிறார், பாடுகிறார், போகிறார். நாற்காலிக்குத் திரும்புவதுகூட நாடகத்தின் பகுதியாகிவிடும்.

கச்சேரி வடிவம் என்பது காசு இல்லாததால் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்த சமாளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இதை ஹேண்டலே செய்தார். 1732இல் 'எஸ்தர்' என்ற தன் படைப்பை லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் வைத்தபோது, அரச தேவாலயத்துப் பாடகர் சிறுவர்கள் நாடக மேடையில் நடிக்க பிஷப் அனுமதிக்கவில்லை. ஹேண்டல் விளம்பரத்திலேயே மேடையில் நடிப்பு இருக்காது என்று அறிவித்துவிட்டுப் பாட வைத்தார். கூட்டம் வந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1744 பிப்ரவரி 10 அன்று, கோவன்ட் கார்டனில் 'செமிலி'. ஜூபிடரின் காதலியாகிவிட்ட ஒரு மானிடப் பெண், அவனுடைய நிஜ உருவத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து எரிந்து சாம்பலாகும் கதை. பாடல் நூல் ஓபராவுக்கென்றே எழுதப்பட்டது. ஹேண்டல் அதை ஆரட்டோரியோ முறையில், அதாவது நடிப்பில்லாமல், கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் நடத்தினார். பக்திக் கச்சேரி எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கட்டில் காதல் கிடைத்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. ஆக, நின்று பாடும் ஓபராவுக்கு வயது கிட்டத்தட்ட முன்னூறு. 'செமிலி'யை இங்கிலீஷ் கான்சர்ட் 2019இல் கார்னகி ஹாலில் பாடியபோது, ஹேண்டல் நடத்திய முறைக்கு அவர்கள்தான் நெருக்கமாக இருந்தார்கள் என்று சொல்வேன்.

வாத்தியங்களை மேடைக்கு ஏற்றும் எண்ணமும் அவரிடம் இருந்தது. 'ஜூலியோ செசாரே' (1724) இரண்டாம் அங்கத்தில் கிளியோபாட்ரா சீஸரை மயக்க ஒரு காட்சி ஜோடிக்கிறாள். கலைத் தேவதைகள் ஒன்பது பேர் மலைமேல் இருந்து இசைப்பது போல ஒரு குழு மேடையிலேயே வாசிக்கும்: ஓபோ, வயோலா த காம்பா, ஹார்ப், தியோர்போ. கீழே இன்னொரு குழு பதில் சொல்லும். சீஸர் அந்த இசையைக் கேட்டுத்தான் விழுகிறான். இதே ஓபராவில் சீஸர், வேடன் எப்படிச் சத்தமில்லாமல் பதுங்கிப் போவான் என்று பாடும் ஓர் ஆரியா உண்டு. கூடவே ஒரே ஒரு ஹார்ன். பொத்தான் எதுவும் இல்லாத பழைய ஹார்ன், உதட்டால்தான் சுரம் பிடிக்க வேண்டும். வாசிப்பவர் ஒரு மயிரிழை தவறினால் ஊருக்கே தெரியும். கச்சேரியில் அவர் முகம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு அனுபவம்.

மொழியைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். 1711இல் 'ரினால்தோ'வைக் கேட்க ஹேமார்க்கெட்டில் கூடிய லண்டன்காரர்களில் பெரும்பாலோருக்கும் இத்தாலியன் தெரியாது. வாசலில் ஒரு சின்னப் புத்தகம் விற்கும், ஒரு பக்கம் இத்தாலியன், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். அரங்கு முழுக்க மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் படித்துக்கொண்டே கேட்டார்கள். இன்று அந்த வேலையை மேடைக்கு மேலே ஓடும் எழுத்துத்திரை செய்கிறது, அல்லது நிகழ்ச்சிப் புத்தகம் செய்கிறது. ஒரு வசதியும் உண்டு: ஓர் ஆரியாவில் மொத்தமே ஆறேழு வரிதான் இருக்கும், அதைத்தான் ஐந்து, பத்து நிமிடம் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒருமுறை படித்துவிட்டால் போதும், மிச்ச நேரம் கண்ணை மேடைக்குக் கொடுக்கலாம்.

சரி, இந்தக் குழுக்கள் ஏன் இப்படி ஊர் சுற்றுகின்றன என்பதும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. முழு ஓபரா தயாரிக்க வாரக்கணக்கில் ஒத்திகை, தச்சு வேலை, உடை, விளக்கு, மேடையாட்கள் எல்லாம் வேண்டும். அதைக் கண்டெய்னரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக எத்தனை பேரால் முடியும்? கச்சேரி வடிவத்தில் ஏழெட்டுப் பாடகர்கள், முப்பது வாத்தியக்காரர்கள். சில நாள் ஒத்திகை. அப்புறம் விமானம். அதனால்தான் இந்த வடிவத்தில் ஒரு பாத்திரத்துக்கு இன்று உலகத்தில் யார் சிறந்தவரோ அவரையே கூப்பிட முடிகிறது. முன்னணிப் பாடகருக்கு ஒரே தயாரிப்பில் இரண்டு மாதம் அடைந்து கிடப்பது கஷ்டம், இரண்டு வாரச் சுற்றுப்பயணம் என்றால் வருவார்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். லண்டனின் இந்த மாதிரிக் குழுக்களில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. வேலைக்கு வேலை கூலி. இந்த மாதம் ஒரு குழு, அடுத்த மாதம் வேறு குழு. செல்லோவுக்கு விமானத்தில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். தியோர்போ என்பது வீணையும் ஏணியும் கலந்த மாதிரி ஆள் உயர வாத்தியம், கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது, கெட்டிப் பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்தியத்திலோ வில்லிலோ தந்தம் துளி இருந்தாலும் எல்லை தாண்ட உரிய சான்றிதழ் கேட்பார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபின் ஆளுக்கும் லாரிக்கும் தனித்தனிக் காகித வேலை கூடிவிட்டது. ஹார்ப்சிகார்டை அநேகமாக அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுப்பார்கள். நேற்று வாசித்த ஹார்ப்சிகார்ட் இன்று இல்லை. கட்டைகளின் எடை வேறு, குணம் வேறு. பிக்கெட் போல ஹார்ப்சிகார்டில் வாசித்துக்கொண்டே மொத்தக் குழுவையும் நடத்துபவருக்கு இது தினம் புது மாமியார் வீடு.

இன்னொன்று தந்தி. வயலின், செல்லோ எல்லாவற்றிலும் குடல் நரம்பில் திரித்த தந்தி. இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்த்திக் கட்டியிருப்பார்கள். இன்று 'ஏ' சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் இவர்களுக்கு 415. ஒலி கதகதப்பாக, சொல் உச்சரிப்பது மாதிரி இருக்கும். பாடகரை மூழ்கடிக்காது. ஆனால் குடல் தந்திக்கு ஈரமும் சூடும் ஆகாது. ஊருக்கு ஊர் காற்று மாறும், மேடை விளக்கு சுடும், சுருதி நழுவும். அதனால் ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் சுருதி சேர்க்க நேரம் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள்.

இனி குறைகள். எல்லாம் லாபம் என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகிவிடும்.

யார் யார் என்ற குழப்பம் நிஜமானது. ஹேண்டலின் நாயகர்கள் பலர் காஸ்ட்ராட்டோ பாடகர்களுக்காக எழுதப்பட்டவர்கள். செசாரே, அதாவது சீஸர், செனெசினோ என்ற பாடகருக்கு எழுதியது, அரியோதாந்தே கரெஸ்தினி என்பவருக்கு. சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்டு, பெண் குரலின் உயரமும் ஆண் நெஞ்சின் மூச்சும் சேர்ந்த குரல் அவர்களுக்கு. அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லதே. இன்று அந்தப் பாத்திரங்களைப் பெண் பாடகர்களோ, உயர்ந்த குரலில் பாடும் கவுன்டர்டெனர் ஆண்களோ பாடுகிறார்கள். அதனால்தான் டிடோனாட்டோ அரியோதாந்தே ஆகிறார். 'அல்சினா'வில் நிலைமை இன்னும் மோசம். பிராதமாந்தே என்ற பெண், தன் காதலன் ருஜ்ஜெரோவைத் தேடி ஆண் வேடத்தில் வருகிறாள். அந்த ருஜ்ஜெரோவையே ஒரு பெண் பாடுவார். ஆண் வேடமிட்ட பெண்ணை நிஜ ஆண் என்று நம்பி இன்னொரு பெண் காதலிப்பாள். உடை மாற்றமும் இல்லாமல் எல்லாரும் கறுப்பில் வந்து நின்றால், கதை தெரியாமல் போனவர் முதல் இடைவேளையிலேயே கைவிட்டுவிடுவார். முந்தைய நாள் ராத்திரி அரை மணி நேரம் கதையைப் படியுங்கள். பெயர், யாரை யார் விரும்புகிறார், யார் வேடத்தில் இருக்கிறார், இவ்வளவு போதும்.

மாயமும் போய்விடும். அல்சினா ஒரு சூனியக்காரி. தன் பழைய காதலர்களைப் பாறையாகவும் மரமாகவும் மிருகமாகவும் மாற்றி வைத்திருக்கும் தீவு அவளுடையது. 1735இல் அந்த மேடை ஜாலங்களைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. மரீ சலே என்ற பிரெஞ்சு நர்த்தகி தன் குழுவோடு ஆடினார். கச்சேரியில் ஆட்ட இசை இருந்தால் உண்டு, ஆட்டம் இல்லை.

மோசமான கச்சேரி ஓபராவும் இருக்கிறது. ஒருமுறை, குழுவின் பெயர் வேண்டாம், பாடகர்கள் அத்தனை பேரும் முகத்தைத் தாளுக்குள் புதைத்துக்கொண்டு பாடினார்கள். காதலன் தாளைப் பார்க்கிறான், காதலி தாளைப் பார்க்கிறாள், இருவரும் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். குரல்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ரெசிடேட்டிவ் என்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போடும் இடம். அது செத்துவிட்டால் ஆரியா எதற்காக வருகிறது என்றே புரியாது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நல்ல குழுவில் தாள் தாங்கி இருந்தாலும் அது பேருக்குத்தான் இருக்கும். கண் கண்ணைப் பார்க்கும், பேச்சு நடக்கும். டிக்கெட் வாங்கும் முன் அந்தக் குழுவின் ஒரு வீடியோவை ஐந்து நிமிடம் பாருங்கள், இதை மட்டும் கவனியுங்கள்.

வேறு சிலர் என்றால் பதில் மாறும் என்றேனே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் பைராய்த் அரங்கில் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தை மூடியே வைத்தார். அவ்வளவு பெரிய இசைக்குழுவின் ஒலி பாடகருக்கு அடியிலிருந்து கசிந்து வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அதையே கச்சேரி மேடையில் பாடகரின் முதுகுக்குப் பின்னால் அடுக்கினால், நல்ல குரலும் நீந்திக் கரையேற வேண்டியதுதான். இசைக்குழுவைக் கேட்க அது அருமையான வழி, பாடகரைக் கேட்க இல்லை. பின்னால் வந்த இத்தாலியர் புச்சினியின் ஓபராவை நான் கச்சேரியாகக் கேட்கவே விரும்புவதில்லை. அங்கே மெழுகுவர்த்தி அணைவதும் கதவு திறப்பதும் இசைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. கதவே இல்லாத மேடையில் கதவுக்கு எழுதிய இசை தனியாக நிற்கும். ஹேண்டலுக்கும் அவருக்கு முந்தைய மான்டெவெர்டிக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் 'ரோதெலிந்தா' (1725) என்பேன். ஆறே பாத்திரங்கள், 'அல்சினா' மாதிரி ஆள்மாறாட்டக் குழப்பம் இல்லை. ஹேண்டல் 1741க்குப் பிறகு இத்தாலிய ஓபரா எழுதுவதையே விட்டார். அவருடைய நாற்பத்துச் சொச்சம் ஓபராக்களும் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தன. 1920இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இந்த 'ரோதெலிந்தா'வைத் தூசி தட்டி எடுத்ததில்தான் எல்லாம் மறுபடி தொடங்கியது. ராணி ரோதெலிந்தா. கணவன் பெர்த்தாரிதோ செத்துவிட்டான் என்று நம்புகிறாள். அவனோ உயிரோடு மாறுவேடத்தில் வந்து, தனக்காக மற்றவர்கள் எழுப்பிய கல்லறையின் முன் நின்று, "அன்பே, எங்கே இருக்கிறாய்" என்று பாடுகிறான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் இருவரும் சேர்கிறார்கள், சேர்ந்த உடனே சிறை அவனைப் பிரிக்கிறது. அந்த ஓபராவில் இரண்டு பேர் சேர்ந்து பாடும் ஒரே பாட்டு அங்கே வருகிறது. "உன்னைத் தழுவுகிறேன், சாவைவிடக் கசக்கிறது இந்தப் பிரிவு."

இங்கிலீஷ் கான்சர்ட் இதை 2020இல் ஊர் ஊராகப் பாடத் திட்டமிட்டிருந்தது. கொரோனா வந்தது, பயணம் ரத்து. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ஒன்றுகூடி, கட்டுப்பாட்டின்படி ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்று, ஒலிப்பதிவாவது செய்துவிடுவது என்று செய்தார்கள். லூசி குரோவும் யெஸ்டின் டேவிஸும் அந்தப் பாட்டைத் தள்ளித் தள்ளி நின்றுதான் பாடியிருக்கிறார்கள். உன்னைத் தழுவுகிறேன் என்ற பாட்டை. அந்தப் பதிவு கிடைக்கிறது, கச்சேரிக்கு முன்னால் இந்த ஒரு பாட்டையாவது கேளுங்கள். 'ரோதெலிந்தா' கடைசியில் 2023 டிசம்பரில் கார்னகி ஹாலைப் போய்ச் சேர்ந்தது.

இருக்கை விஷயம். கார்னகி மாதிரி 2,800 பேர் உட்காரும் அரங்கில் குடல் தந்தியின் ஒலி கடைசி வரிசைக்குப் போவதற்குள் மெலிந்துவிடும். காசு இருந்தால் கீழ்த்தளத்தில் எட்டாவது, பத்தாவது வரிசை. காசு குறைவு என்றால் தூரத்து நடுவைவிட, மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரத்து இருக்கையே மேல். பாடகரின் முகம் பாதிதான் தெரியும், ஆனால் ஹார்ப்சிகார்டுக்காரரின் கையும் செல்லோவின் வில்லும் முழுசாகத் தெரியும். ரெசிடேட்டிவ் நடக்கும்போது அந்த இரண்டு பேரும் பாடகரின் மூச்சை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் இடைவேளையில் எல்லாரும் காபிக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓர் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். காலி மேடைக்கு ஒருவர் கையில் ஒரு சின்னச் சாவியோடு வந்து ஹார்ப்சிகார்டின் முன் குனிவார். சுருதி சேர்ப்பவர். விளக்குச் சூட்டில் நழுவிய தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சாவியை மயிரிழை திருப்பி, மறுபடி தட்டிக் கேட்பார். சுற்றிலும் இரைச்சலாக இருக்கும், அவர் காதைப் பலகையோடு வைத்துக்கொண்டிருப்பார். அடுத்த அங்கத்தின் முதல் பேச்சுக்கு அந்தத் தந்திகள்தான் முதலில் வாய் திறக்கப் போகின்றன.